மலைப் பள்ளியும் மும்மொழிக் குழந்தைகளும்



ஏலப்பாறை மலைச் சரிவில் ஒரு தொடக்கப் பள்ளி. காலைப் பனி இன்னும் விலகவில்லை. முதல் வகுப்பில் ஒரே பெஞ்சில் மூன்று குழந்தைகள் அமர்ந்திருக்கின்றனர். ஒருத்தி தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த தமிழ்ச் சிறுமி. அவளுடைய முன்னோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணியின் பின்னே மலையேறி வந்தவர்கள். அடுத்தவன் மலையாள விவசாயி ஒருவரின் மகன். மூன்றாமவன் ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்த தாயுடன் வந்தவன். ஆசிரியை கரும்பலகையில் ஓர் எழுத்தை எழுதி, அதன் பெயரைச் சொல்கிறார். மூவரில் ஒருவனுக்கு மட்டுமே அவர் சொல்வது முழுமையாக விளங்குகிறது.

இக்காட்சியில் குற்றவாளி எவரும் இலர். ஆசிரியை நல்லவர், குழந்தைகள் அறிவுள்ளவர்கள். குறை எங்கே உள்ளது? பல மொழிக் குழந்தைகள் கூடியிருக்கும் வகுப்பில் எவ்வாறு கற்பிப்பது என்பதை அவ்வாசிரியைக்கு எவரும் கற்பிக்கவில்லை. அதைப் பற்றியே இத்திங்கள் எழுத விழைகிறோம்.

ஒரு சொல் தந்த மௌனம்

நம் பள்ளிப் பருவத்தில், 1990களின் பிற்பகுதியில், நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாள். எங்கே சென்றிருந்தாய் என்று ஆசிரியை மலையாளத்தில் வினவினார். பாட்டி வாழ்ந்த சிற்றூரை மனத்தில் வைத்து, “பட்டிக்குப் போயிருந்தோம்” என்று விடை சொன்னோம். வகுப்பு முழுவதும் சிரிப்பில் அதிர்ந்தது. மலையாளத்தில் ‘பட்டி’ என்றால் நாய் என்பது நமக்குத் தெரியாது. தமிழில் அது சிற்றூர் என்பது ஆசிரியைக்குத் தெரியாது. அவரும் சிரித்துவிட்டார். அதன்பின் பல வாரங்கள் வகுப்பில் நாம் வாய் திறக்கவில்லை. ‘மந்தமான பிள்ளை’ என்று மதிப்பேட்டில் எழுதப்பெற்றது.

இரு மொழியும் அறிந்த ஓர் ஆசிரியர் அங்கே இருந்திருப்பின் அச்சிரிப்பே ஒரு நல்ல பாடமாகியிருக்கும். ‘வெள்ளம்’ என்றால் நமக்குப் பெருக்கெடுத்து ஓடும் நீர். மலையாளத்தில் குடிக்கும் தண்ணீர். ‘சம்சாரம்’ என்றால் நம் வீடுகளில் மனைவி, மலையாளத்தில் பேச்சு. ‘உபந்நியாசம்’ நமக்குக் கோவிலில் கேட்கும் சமயச் சொற்பொழிவு. மலையாளப் பிள்ளைக்கோ தேர்வில் எழுதும் கட்டுரை. இவற்றைப் பலகையில் எழுதி இருபுறமும் பொருள் சொன்னால், தமிழ்ப் பிள்ளையும் மலையாளப் பிள்ளையும் ஒருவர் மொழியை ஒருவர் கண்டு வியந்திருப்பர். சிரிப்பு இருந்திருக்கும், இழிவு இருந்திராது.

எழுத்திலும் இத்தகைய இடர் உண்டு. தமிழில் ‘க’ ஒன்றே. மலையாளத்தில் அவ்வொலியின் வரிசையில் நான்கு எழுத்துகள் உள. வீட்டில் ஓர் ஒலிக்கு ஓர் எழுத்தாகப் பழகிய குழந்தை, பள்ளியில் நான்கையும் மாற்றி எழுதுவது இயல்பு. காரணம் அறிந்த ஆசிரியர் அதைத் திருத்துவார். அறியாதவர் சிவப்பு மையால் அடித்துவிட்டு அப்பால் செல்வார்.

சட்டம் சொல்வது

நம் உரிமைகளை நாமே அறியாதிருத்தல் ஆகாது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை முதலிய நான்கு தென் வட்டங்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. பின்னர் 1972இல் இடுக்கி மாவட்டம் உருவாயிற்று. எல்லைக் கோடு எங்கே வரையப்பட்டாலும் கோட்டிற்கு இப்பாலும் அப்பாலும் சிறுபான்மையினர் இருப்பர் என்பதை உணர்ந்தே, அதே 1956ஆம் ஆண்டின் ஏழாம் திருத்தத்தால் அரசியலமைப்பில் 350அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழியில் கற்கும் வசதி அளிக்க ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்பது அதன் கருத்து. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், இயன்ற அளவு பயிற்றுமொழி தாய்மொழியாக இருத்தல் வேண்டும் என்கிறது.

கேரள அரசு இவற்றை அறவே புறக்கணித்தது என்று கூறுதல் நன்றியன்று. தமிழில் பாடநூல்கள் அச்சாகின்றன. பத்தாம் வகுப்புத் தேர்வைத் தமிழில் எழுதலாம். தொடக்க வகுப்பு ஆசிரியர் தகுதித் தேர்விலும் தமிழுக்கு இடமுண்டு. 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டப்படி நாம் தமிழில் மனு எழுதித் தமிழில் விடை பெறவும் உரிமை உண்டு. இத்தனை இருந்தும், நூல் தானே கற்பிப்பதில்லை. சட்டம் தானே பாடம் நடத்துவதில்லை. இவற்றுக்கு உயிர் கொடுப்பவர் ஆசிரியர் ஒருவரே.

பயிற்சியில் வேண்டுவது

2014ஆம் ஆண்டின் விதிகளால் பி.எட். படிப்பு ஈராண்டாக நீண்டபோது, எல்லாப் பாடங்களிலும் மொழியின் பங்கு யாது என்பதைக் கற்பிக்கும் ஒரு தாளும் அதில் இடம்பெற்றது. வகுப்பில் உள்ள குழந்தைகளின் பன்மொழிப் பின்னணியை அறிந்து கற்பிக்க வேண்டும் என்பதே அத்தாளின் அடிப்படை. இருபது வாரப் பள்ளிப் பயிற்சியும் விதிக்கப்பட்டது. நல்ல ஏற்பாடு. ஆயினும் அவ்வாரங்கள் அனைத்தையும் ஒரே மொழி பேசும் நகரப் பள்ளியிலேயே கழித்தவர், மலைப் பள்ளிக்கு மாற்றலாகி வரும் நாளில் திகைத்து நிற்பதில் வியப்பென்ன? அவற்றுள் நான்கு வாரங்களேனும் இத்தகைய தோட்டப் பள்ளிகளில் கழியுமானால், நூலில் படித்தது கண்முன் நிற்கும்.

ஈழத்து மலையகத்தை நோக்குங்கள். அங்கும் நம் போன்றே தேயிலைத் தோட்டத்துத் தமிழர். அங்கும் நெடுங்காலம் ஓராசிரியர் தோட்டப் பள்ளிகள். 1990களில் கொட்டகலைக்கு அண்மையில் பத்தனையில், ஜெர்மனி நாட்டு உதவியுடன் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. தோட்டப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்குவதே அதன் தலையாய நோக்கம். லயத்தில் பிறந்த இளைஞரே பயிற்சி பெற்று மலையகப் பள்ளிக்கு ஆசிரியராகத் திரும்பினர். தாம் பட்ட இடர் இன்னதென்று அறிந்தவர் கற்பிப்பதற்கும் அறியாதவர் கற்பிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் விளக்க வேண்டுவதில்லை.

கேரளத்திலேயே முன்மாதிரிகள் உள. 2017இல் வயநாட்டில், பழங்குடிக் குழந்தைகள் பயிலும் தொடக்கப் பள்ளிகளில் அவர்கள் சமூகத்தைச் சார்ந்த பயிற்சி பெற்றோரையே வழிகாட்டி ஆசிரியராக அமர்த்தினர். அதே ஆண்டில் எர்ணாகுளம் மாவட்டத்தில் ‘ரோஷ்ணி’ என்னும் திட்டம் தொடங்கிற்று. வங்காளம், ஒடிசா, பீகார் முதலிய இடங்களிலிருந்து வந்த தொழிலாளரின் பிள்ளைகளுக்கு, அவர்கள் மொழி அறிந்த தன்னார்வலரைக் கொண்டு, தெரிந்த மொழியின் வழியே தெரியாத மலையாளத்தைக் கற்பித்தனர். செய்ய மனமிருந்தால் வழி இருக்கிறது என்பதற்கு இவையே சான்று.

மூன்றாம் குழந்தை

இனி, நம் மனத்தை உறுத்தும் செய்திக்கு வருவோம்.

2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது பீருமேடு வட்டத்தில் தோட்டங்கள் பல மூடப்பட்டன. நம் குடும்பங்கள் பல தேனிக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போயின. எஞ்சியோரிலும் வசதி கண்டவர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளி வண்டியில் ஏற்றுகின்றனர். தமிழ் வகுப்பில் பிள்ளைகள் குறைகின்றனர். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடமும் குறையும். நாம் விட்டுச் சென்ற லயங்களில் இன்று ஜார்க்கண்ட், அஸ்ஸாம் முதலிய இடங்களிலிருந்து வந்தோர் குடியிருக்கின்றனர்.

அண்மையில் பெற்றோர் கூட்டம் ஒன்றில் நம்மவர் ஒருவர் எழுந்து, “இந்த இந்திக்காரப் பிள்ளைகளைச் சேர்த்ததால் நம் பிள்ளைகளின் படிப்புக் கெடுகிறது” என்றார். பலர் தலையசைத்தனர். நமக்கோ அந்தப் பட்டிச் சிரிப்பு மீண்டும் காதில் ஒலித்தது. ‘பாண்டிப் பிள்ளைகள் வந்து வகுப்பைக் கெடுக்கின்றனர்’ என்று ஒரு காலத்தில் நம்மைப் பற்றிச் சொன்ன அதே சொல் அல்லவா இது! நம் பிள்ளைக்குத் தாய்மொழி ஆசிரியர் வேண்டும் என்று மனு எழுதிய கை, அயலான் பிள்ளையை வெளியே தள்ளலாமா? நமக்கு நியாயமானது அவனுக்கும் நியாயமே.

ரயில் நிலையச் சீட்டுக் கொடுக்கும் சாளரத்தில் அமர்ந்து பணிபுரியும் நாம் இம்மக்களை நாள்தோறும் காண்கிறோம். ஒரு நாள் தன்பாத் வண்டிக்குச் சீட்டுக் கேட்டு ஒரு தாய் நின்றார். நமக்குத் தெரிந்த பத்து இந்திச் சொற்களில் அலுவல் முடியவில்லை. அவருடைய ஏழு வயது மகன் முன்வந்து, மலையாளத்தில் நாளையும் ஊரையும் தெளிவாகச் சொன்னான். எங்கே கற்றாய் என்றோம். ஏலப்பாறைப் பக்கம் பள்ளிக்குப் போவதாகச் சொன்னான். வகுப்பில் பேசுவாயா என்றோம். இல்லையென்று தலையை ஆட்டினான். வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளனாக நிற்கும் அறிவுள்ள பிள்ளை, வகுப்பில் ஊமை! அவனிடம் நம்மையே கண்டோம்.

ஜார்க்கண்டிலிருந்து வருவோர் அனைவருக்கும் இந்தி தாய்மொழி அன்று. அங்குள்ள ஓராவோன் மக்களின் மொழி குடுக் எனப்படும். அது திராவிட மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது. திருநெல்வேலிச் சீமையில் வாழ்ந்த கால்டுவெல் பாதிரியார் தம் ஒப்பிலக்கணத்தில் அதனையும் அக்குடும்பத்தில் சேர்த்தார். தமிழில் நாம் ‘நான்’ என்பதை அவர்கள் ‘ஏன்’ என்பர். ‘நீ’ என்பதை ‘நீன்’ என்பர். கேட்பவரை விலக்கிச் சொல்லும்போது ஒரு சொல்லும், கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும்போது வேறு சொல்லும் நம்மைப் போலவே அவர்களுக்கும் உண்டு. சேர்த்துச் சொல்லும் அச்சொல் எது தெரியுமா? அதுவும் ‘நாம்’ என்பதே.

செய்யத் தக்கவை

முதலாவது, அருகில் தமிழ் வகுப்பு இருக்கும்போது அதைப் பிள்ளையின்றி மூட விடாதீர்கள். தொடக்க நிலையில் தாய்மொழியில் ஊன்றிய பிள்ளை பின்னர் எம்மொழியையும் எளிதில் கற்கும். 1953இலேயே யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கை தாய்மொழிவழிக் கல்வியைத்தான் வலியுறுத்திற்று.

இரண்டாவது, மலையாளத்தைப் பகையாக எண்ணாதீர்கள். 2017ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாம் வகுப்பு வரை மலையாளக் கல்வியைக் கட்டாயமாக்கியது. சட்டத்திற்காக மட்டுமன்று, அண்டை வீட்டாருடன் வாழ்வதற்கும் இம்மாநிலத்தில் வேலை பெறுவதற்கும் அது வேண்டும்.

மூன்றாவது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நம் பெண்களையும் இளைஞரையும் ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்புங்கள். தமிழும் மலையாளமும் நன்கு அறிந்த ஓர் ஆசிரியை லயத்திலிருந்து எழுவாரானால், நூறு மனுக்கள் செய்யாததை அவர் செய்வார். நம் சங்கம் ஆண்டுக்கு ஒருவருக்கேனும் பயிற்சிச் செலவை ஏற்கலாகாதா?

நான்காவது, நம் சங்கம் நடத்தும் மாலை வகுப்பில் அந்த மூன்றாம் குழந்தைக்கும் ஓர் இடம் கொடுங்கள்.

பள்ளி பெஞ்சு நீளமானது. சற்று நெருங்கி அமர்ந்தால் மூவருக்கும் இடமுண்டு.