ஒரே கம்ப்யூட்டர், இரண்டு வழி!

வீட்டில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். மகள் அதில் படிக்கிறாள். அப்பா அதிலேயே பாங்கிக் கணக்கைப் பார்க்கிறார்.

மகளின் கல்லூரி, ஆராய்ச்சிப் பத்திரிகைகளுக்குப் பணம் கட்டி இருக்கிறது. கல்லூரிக்குள் இருந்து கேட்டால்தான் அவை திறக்கும். வீட்டில் இருந்து கேட்டால், "நீ யார்?" என்று கதவைச் சாத்திவிடும். இதற்குச் சில கல்லூரிகள் ஒரு வழி செய்து கொடுக்கின்றன. அதுதான் "பிராக்சி".

பிராக்சி என்றால் என்ன?

பதிலாள்! பக்கத்து வீட்டுப் பையனை மளிகைக் கடைக்கு அனுப்புகிறீர்கள். கடைக்காரர் பையனைத்தான் பார்க்கிறார். உங்களைப் பார்ப்பதில்லை. அதுபோல, உங்களுக்காகக் கல்லூரிக் கம்ப்யூட்டர் போய்க் கேட்கிறது. பத்திரிகைக்காரர், "கல்லூரியில் இருந்து வந்திருக்கிறது" என்று எண்ணிக் கதவைத் திறக்கிறார்.

இது புதிய யோசனை அல்ல. 1994-ம் ஆண்டிலேயே ஆரி லுவோட்டோனென், கெவின் ஆல்டிஸ் என்ற இருவர் இணையப் பதிலாள் பற்றிக் கட்டுரை எழுதி இருக்கிறார்கள்.

வந்தது வம்பு!

மகள் பதிலாளின் முகவரியைக் கம்ப்யூட்டரின் பொது செட்டிங்கில் எழுதிவிட்டாள். விண்டோஸ் கம்ப்யூட்டரில் குரோம், எட்ஜ் இரண்டும் அந்தப் பொது உத்தரவுக்குக் கட்டுப்பட்டவை.

என்ன ஆயிற்று? அப்பாவின் பாங்கி வேலையும் கல்லூரி வழியாகப் போக ஆரம்பித்தது! பாங்கிப் பக்கம் பூட்டுப் போட்டு வருவதால், ரகசியச் சொல்லைப் பதிலாள் படிக்க முடியாது. ஆனால் எந்த பாங்கி, எத்தனை மணிக்கு என்பது தெரிந்துவிடும். கல்லூரிக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டாலோ, வீட்டில் யாருக்கும் குரோம் ஓடாது.

கல்லூரியாவது தெரிந்த இடம். "இலவசப் பதிலாள்" என்று யாரோ கொடுக்கும் முகவரியை எழுதினால்? அவன் யார் என்று யாருக்குத் தெரியும்? "இந்த சர்ட்டிபிகேட்டையும் ஏற்றிக்கொள்" என்று அவன் சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். அதை ஏற்றினால் பூட்டின் சாவியையே கொடுத்தது போல!

தனித்தனி வழி

பயர்பாக்ஸ் என்ற பிரவுசர் இங்கே கைகொடுக்கிறது. பதிலாள் முகவரியை எழுத அதற்குச் சொந்த இடம் உண்டு.

முதலில் கம்ப்யூட்டரின் பொது செட்டிங்கில் பிராக்சியை அணைத்துவிடுங்கள். பிறகு பயர்பாக்சைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள மூன்று கோடுகளைத் தட்டுங்கள். "செட்டிங்ஸ்" என்பதற்குள் போய், "நெட்வொர்க் செட்டிங்ஸ்" பொத்தானை அமுக்குங்கள். "மேனுவல்" என்று தொடங்கும் வரியைத் தேர்ந்து, கல்லூரி கொடுத்த முகவரியையும் போர்ட் எண்ணையும் எழுதுங்கள். அதே பதிலாளை "எச்.டி.டி.பி.எஸ்."சுக்கும் பயன்படுத்தச் சொல்லும் கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள். பெரும்பாலான பக்கங்கள் இன்று அந்த வகைதான்.

இனி மகளுக்கு பயர்பாக்ஸ். அப்பாவுக்கு குரோம். அவர் நேராக பாங்கிக்குப் போகலாம்.

தண்டர்பேர்டு என்ற அஞ்சல் புரோகிராமுக்கும், டெலிகிராமுக்கும் இப்படிச் சொந்த செட்டிங் இருக்கிறது. சில புரோகிராம்களுக்கு இல்லை. அவற்றுக்காக "பிராக்சிபையர்" என்று ஒன்று உண்டு. வாசலில் நிற்கும் காவல்காரன் மாதிரி, "நீ இந்த வழி, நீ அந்த வழி" என்று பெயர் பார்த்து அனுப்பும். வீட்டு உபயோகத்துக்கு அவ்வளவு தேவைப்படாது.

ஒருநாள் பயர்பாக்ஸ் மட்டும் "பிராக்சி மறுக்கிறது" என்று சொல்லலாம். உடனே இணையமே போய்விட்டது என்று கம்பெனிக்குப் போன் போடாதீர்கள். குரோமைத் திறந்து பாருங்கள். அது ஓடினால், கல்லூரியின் பதிலாள்தான் அன்று லீவு!