மனச்சோர்வு சோம்பேறித்தனம் அல்ல

"கோழி கூவுறதுக்கு முன்னாடியே முழிச்சிக்கிறான்யா. ஆனா எழுந்து வேலைக்குப் போக மாட்டேங்கிறான். சோறும் எறங்கல" என்று ஒரு தாய் நம்மிடம் அழுதார். பக்கத்து வீட்டார் ஆளுக்கொன்று சொன்னார்களாம். ஒருவர் சோம்பேறித்தனம் என்றார். ஒருவர் செய்வினை என்றார். இன்னொருவர், "கொஞ்சம் தண்ணி போட்டா சரியாயிடும்" என்றார். மூன்றும் தவறு, தோழர்களே!

கவலை இல்லாத மனிதர் உண்டா? சாவு வீட்டில் அழுகிறோம். மழையால் வேலை நின்று சம்பளம் குறைந்தால் கலங்குகிறோம். ஆனாலும் பேரப்பிள்ளை ஓடிவந்து மடியில் ஏறினால் முகம் மலர்கிறது. நாளாக ஆகப் பாரம் குறைகிறது. இது துக்கம். இதற்கு மருந்து வேண்டியதில்லை. கூட உட்கார்ந்து பேச ஆள் இருந்தால் போதும்.

மனச்சோர்வு அப்படியன்று. இரண்டு வாரமோ அதற்கு மேலோ, அநேகமாக நாள் முழுக்க மனம் கனத்துக் கிடக்கும். அல்லது பிடித்த எதிலும் நாட்டம் இருக்காது. தூக்கமும் பசியும் கெடும். உடம்பு அசந்து போகும். 'நான் எதுக்கும் லாயக்கில்லே' என்ற எண்ணம் அரிக்கும். ஆண்களிடம் இது கோபமாகவும் குடியாகவும் வெளிப்படுவதுண்டு. குடி இதை மேலும் மோசமாக்கும்.

இனிப்புநீர் போல இதுவும் ஒரு நோய்தான். வெட்கம் எதற்கு? அரசாங்க கிளினிக்குக்குப் போய், "ரெண்டு வாரமா இப்படி இருக்குங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். டாக்டர் மாத்திரை கொடுத்தால், குணம் தெரியச் சில வாரங்கள் ஆகும். நாமாக நிறுத்திவிடக் கூடாது.

"செத்துப் போயிடலாம் போல இருக்கு" என்று யாராவது சொன்னால் விளையாட்டாக எண்ணாதீர்கள். நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியே விடாதீர்கள். புல் மருந்தைப் பூட்டி வையுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டாம். தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப் பிரிவு 2023ல் நீக்கப்பட்டுவிட்டது. மனம்விட்டுப் பேச, பிஃபிரெண்டர்ஸ் சங்கத்தை 03-7627 2929 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

அடுத்த வீட்டுக் கதவு இரண்டு நாளாகத் திறக்கவில்லையா? சும்மா இருக்காதீர்கள். போய்த் தட்டுங்கள், "சாப்பிட்டீங்களா அண்ணே?" என்று கேளுங்கள்.