பாடலிபுத்திரம் சமணப் பள்ளி

பாடலிபுத்திரம் சமணப் பள்ளி, இன்றைய கடலூரின் பகுதியான திருப்பாதிரிப்புலியூரில் இருந்த சமணக் கல்வி நிலையம். சர்வநந்தி என்னும் முனிவர் 'லோகவிபாகம்' என்ற உலக அமைப்பு நூலைச் சக ஆண்டு 380இல் (கி.பி. 458), காஞ்சி அரசன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில் இவ்வூரில் எழுதி முடித்ததாக அந்நூலின் பிற்கால வடமொழி வடிவம் கூறுகிறது. பல்லவர் காலக் கணிப்புக்கு அடித்தளமான சான்றுகளில் இதுவும் ஒன்று.

திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் இப்பள்ளியில் சேர்ந்து தருமசேனர் எனப் பெயர் பெற்றார். பின்னர் சூலை நோயுற்று, திருவதிகையில் வாழ்ந்த தமக்கை திலகவதியாரிடம் வந்து சைவரானார். அவரே திருநாவுக்கரசர். இதனால் சினந்த சமணர்கள் தூண்ட, பல்லவ மன்னன் அவரை நீற்றறையில் அடைத்ததையும், நஞ்சூட்டியதையும், கல்லில் கட்டிக் கடலில் இட்டதையும் பெரியபுராணம் விவரிக்கிறது. பின்பு மன்னனும் சைவனாகிறான். பாடலிபுத்திரத்துப் பள்ளிகளை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டுகிறான்.

மதம் மாறியவரைத் துன்புறுத்தியதும் பள்ளியை இடித்ததும் ஒரே அரசனின் ஆணைகள் என்பது கவனிக்கத்தக்கது. அரசு எந்தப் பக்கம் நிற்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் அடிபடுகிறது.

இம்மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் (ஏறத்தாழ 590–630) என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 'குணபரன்' அவனது பட்டப்பெயர். எதிர்நெறியிலிருந்து லிங்கத்தின்பால் திரும்பியதைக் குறிக்கும் அவனது திருச்சிராப்பள்ளிக் கல்வெட்டும் சான்றாகக் காட்டப்படுகிறது. ஆனால் அது சமணத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. சேக்கிழார் எழுதியதோ ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, 12ஆம் நூற்றாண்டில். மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறிய கதையை நீலகண்ட சாஸ்திரி போன்றோர் வரலாறாக ஏற்கவில்லை. எனினும் பகையின் நினைவு கோயில் ஓவியங்களிலும் விழாக்களிலும் தங்கிவிட்டது.

பள்ளி மறைந்தாலும் சமணர் மறையவில்லை. உளுந்தூர்ப்பேட்டை அருகே திருநறுங்கொண்டையில் சமணக் கோயிலுக்கு அளித்த கொடைகளைச் சோழர் காலக் கல்வெட்டுகள் பதிவு செய்துள்ளன. செஞ்சிப் பகுதியில், 15ஆம் நூற்றாண்டில் நாயக்கத் தலைவன் ஒருவன் சமணரைக் கொன்றதாகவும், உயிர் தப்பப் பலர் திருநீறு பூசிக்கொண்டதாகவும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. 'நீறுபூசி வேளாளர்' என்ற பெயர் அதனால் வந்தது என்பர். செஞ்சியை அடுத்த மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் ஜினகாஞ்சி மடம் இன்றும் இயங்குகிறது.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சமணர் 89,265 பேர். இதில் வடக்கிலிருந்து குடியேறியவர்களும் அடங்குவர். 2014இல் சமணர் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். 'சமணர்' என்றதும் வடநாட்டு வணிகரையே பலரும் நினைக்கின்றனர். நயினார் எனப்படும் தமிழ்ச் சமணர்களோ விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டச் சிற்றூர்களில் தலைமுறைகளாக உழவு செய்து வருபவர்கள். பள்ளிகளில் படிக்கப்படும் நன்னூலை இயற்றிய பவணந்தி ஒரு சமண முனிவர்.