ஒரு கணக்கு, இரண்டு சாளரங்கள்

இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றுக்கு அருகில் அமைந்துள்ள ஊர் பள்ளிவாசல். கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் 1940ஆம் ஆண்டில் இங்குதான் செயற்படத் தொடங்கியது. முதிரப்புழை ஆற்றின் நீர் பெரிய குழாய்கள் வழியாக மலைச்சரிவில் இறங்கி மின்நிலையத்தை அடைகின்றது. அந்தப் பழைய மின்நிலையத்தில் நிறுவப்பட்ட ஆறு மின்னாக்கிகளின் மொத்தத் திறன் 37.5 மெகாவாட் ஆகும். அங்கிருந்து செல்லும் மின்சாரம் பலருக்கும் பயன்படுகின்றது. தம் வீட்டில் விளக்கு எரிய வேண்டும் என்பதற்காக எவரும் தனியே ஓர் அணை கட்டுவதில்லை. கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரும் இவ்வழியையே பின்பற்றுதல் வேண்டும். அதனை ஓர் எடுத்துக்காட்டால் அறிவோம்.

ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்திற்காக நாம் ஒரு மென்பொருள் எழுதுவதாகக் கொள்வோம். அதில் இரண்டு சாளரங்கள் உள்ளன. முதலாவது, எடைப் பதிவுச் சாளரம். தொழிலாளர் பறித்த கொழுந்தின் எடையை அது காட்டும். இரண்டாவது, கூலிச் சாளரம். மாத முடிவில் தரவேண்டிய தொகையை அது காட்டும். சாக்குடன் நிறுத்த எடையிலிருந்து சாக்கின் எடையைக் கழித்தால்தான் கொழுந்தின் எடை கிடைக்கும். இக்கணக்கு இரண்டு சாளரங்களுக்கும் தேவை.

அவசரத்தில் நாம் ஒரே கணக்கை இரண்டு சாளரங்களின் நிரலிலும் படியெடுத்து எழுதிவிடுகிறோம். சாக்கின் எடை 1 கிலோ. ஆகவே, நிறுத்த எடை 24 கிலோ எனில் கொழுந்து 23 கிலோ. இரண்டு சாளரங்களும் ஒரே விடையைத் தருகின்றன. எல்லாம் சரியாகவே தோன்றுகிறது.

சில மாதங்கள் கழித்து, அரைக் கிலோ எடையுள்ள புதிய சாக்குகள் வருகின்றன. முதற் சாளரத்தில் மட்டும் கணக்கைத் திருத்திவிட்டு, இரண்டாவதை மறந்துவிடுகிறோம். இப்போது எடைச் சாளரம் 23.5 கிலோ என்று காட்டுகிறது. கூலிச் சாளரமோ 23 கிலோ என்றே கணக்கிடுகிறது. நாளொன்றுக்கு அரைக் கிலோ வீதம் 26 நாள்களில் 13 கிலோ குறைந்துவிடும். குறித்த அளவுக்கு மேல் பறிக்கும் கொழுந்துக்குக் கிலோ அளவில் கூடுதல் தொகை தருவது தோட்டங்களின் வழக்கம். எனவே, மழையிலும் பனியிலும் நின்று பறித்தவரின் உழைப்பில் 13 கிலோ காணாமற்போகிறது. கணிப்பொறி எந்தப் பிழைச் செய்தியையும் காட்டாது. ஏனெனில், அது சொன்னதைச் செய்தது.

இதனைத் தவிர்க்கும் வழி யாது? கணக்கை இரண்டு சாளரங்களிலிருந்தும் எடுத்து, தனிக்கோப்பில் ஒரே செயற்கூறாக எழுதுதல் வேண்டும். நிறுத்த எடை, சாக்குகளின் எண்ணிக்கை ஆகிய இரண்டையும் சாளரம் அதனிடம் கொடுக்கும். கொழுந்தின் எடையை அது திருப்பித் தரும். சாக்கு மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

இங்கு ஒரு விதியை மறத்தல் கூடாது. பொதுச் செயற்கூறு தன்னை அழைக்கும் சாளரம் எது என்பதை அறிய வேண்டியதில்லை. எடைச் சாளரத்தின் பெட்டியிலிருந்து அது தானே எண்ணைப் படிக்குமாறு எழுதினால், கூலிச் சாளரத்திற்கு அது பயன்படாது. பொத்தான், நிறம், தலைப்பு ஆகியவை அந்தந்தச் சாளரத்திற்கே உரியவை. கணக்கு மட்டுமே பொதுவானது. பொதுக் கணக்கில் பிழை நேர்ந்தால் இரண்டு சாளரங்களும் பிழைபடும். ஆதலால், விடை தெரிந்த எண்களைக் கொடுத்து அதனை முதலில் சோதித்தல் வேண்டும்.

இக்கருத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்னும் கணிப்பொறி 1949இல் இயங்கியது. அதற்கு நிரல் எழுதிய டேவிட் வீலர், பலமுறை தேவைப்படும் கட்டளைகளை ஒருமுறை எழுதி, வேண்டும்போது அழைக்கும் முறையை வகுத்தார். சாளரங்கள் தோன்றிய பின், நார்வே நாட்டு அறிஞர் டிரிக்வே ரீன்ஸ்காக் 1979இல் தரவையும் அதைக் காட்டும் திரையையும் தனித்தனியே பிரித்தமைக்கும் முறையை முன்வைத்தார். ஒரே தரவைப் பல சாளரங்கள் முரணின்றிக் காட்ட அம்முறை உதவுகிறது.

ஒருமுறை எழுதுதல் சோம்பல் அன்று. அது பிறர் உழைப்புக்கு நாம் செய்யும் நேர்மை.

சொற்பொருள்
நிரல் – கணிப்பொறிக்குரிய கட்டளைத் தொகுப்பு
செயற்கூறு – ஒரு குறித்த பணியைச் செய்யும் நிரற்பகுதி
கொழுந்து – இளந்தளிர்

பயிற்சி
1. கூலிச் சாளரம் தவறான எடையைக் காட்டியதற்குக் காரணம் யாது?
2. ஒருவர் இரண்டு சாக்குகளில் கொண்டுவந்த கொழுந்தின் நிறுத்த எடை 31 கிலோ. புதிய சாக்கின்படி கொழுந்தின் எடை எவ்வளவு?
3. உம் பள்ளி நூலகத்திற்கு மென்பொருள் எழுதினால், எந்தக் கணக்கைப் பொதுச் செயற்கூறாக அமைப்பீர்? ஐந்து வரிகளில் எழுதுக.