குனிந்த கூரையும் நிமிர்ந்த மரமும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது சமவெளிக்காரர் பேச்சு. நீலகிரி மலையில் இருக்கும் அரவேணுவில் அம்மி போட்ட இடத்தில்தான் கிடக்கும், மரம்தான் வரும். கூரை மேல் வரும், கரண்ட் கம்பி மேல் வரும், மேட்டுப்பாளையம் ரோட்டில் குறுக்கே படுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பஸ்ஸை நிறுத்தி வைக்கும். "காத்து ஜாஸ்தியா இருக்கே" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் பார்ப்பது வானத்தை அல்ல, வீட்டுக்குப் பின்னால் நிற்கும் கற்பூர மரத்தை (யூகலிப்டஸ்).

பழைய நீலகிரியில் அப்படி அண்ணாந்து பார்த்துப் பயப்பட அதிகம் இருந்ததில்லை. காற்று மோதும் முகடுகளில் புல்வெளி. மடிப்புகளிலும் ஓடை ஓரங்களிலும் மட்டும் சோலை. கோத்தகிரியில் மிஞ்சியிருக்கும் லாங்வுட் சோலைக்குள் போனால் இன்றும் அதைப் பார்க்கலாம். ஒன்றோடொன்று நெருங்கி, தலை உருண்டு, கிளை பின்னி நிற்கும் மரங்கள். தனியாக நீட்டிக்கொண்டு நிற்பது குறைவு. காற்று அந்தப் பச்சை முதுகின் மேலே வழுக்கிக்கொண்டு போய்விடும்.

மனிதர்களும் தாழ்ந்தே வாழ்ந்தார்கள். படகர்களின் ஊர்களான ஹட்டிகளில் வீடுகள் வரிசையாக, பக்கச் சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு நிற்கும். சுற்றிலும் மேய்ச்சல் நிலமும் சாமை, ராகிக் கொல்லையும். தோடர்களின் வளைகூரை வீட்டுக்குள் தவழ்ந்துதான் நுழைய முடியும். இதெல்லாம் காற்றுக்கென்றே போட்ட திட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். குளிருக்கும் காட்டு விலங்குக்கும் செய்த ஏற்பாடு காற்றுக்கும் உதவியது, அவ்வளவுதான். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று கொண்டாடவும் மனம் வரவில்லை. கூரைப் புல் பறந்தால் கொட்டும் மழையில் நனைய வேண்டியதுதான். சேதி சொல்ல ஆளும் இல்லை, மீட்க வர ரோடும் இல்லை.

கற்பூர மரம் 1843-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஊட்டிக்கு வந்தது. குளிர்காயவும் சமைக்கவும் வெள்ளைக்காரர்களுக்கு விறகு வேண்டியிருந்தது. சோலை மரம் நிதானமாக வளரும், இதுவோ விறுவிறுவென்று வளரும். சீகை (வாட்டில்) மரமும் அதே கண்டத்திலிருந்து வந்தது. தேயிலைக்கு நிழல் தர சில்வர் ஓக் வந்தது, அதுவும் அங்கிருந்துதான். அடுத்த நூற்றாண்டில் மலையடிவாரத்தில் சிறுமுகை விஸ்கோஸ் ஆலை கூழுக்கு மரம் கேட்டது. பிறகு ஆலை மூடியது. மரங்கள் வளர்வதை நிறுத்தவில்லை. ஆக, காற்று பழைய காற்று. அது தள்ளிவிடும் பொருளை மட்டும் நாம் மலை முழுக்க நட்டு வைத்தோம்.

நட்டதோடும் விடவில்லை. ரோட்டை அகலப்படுத்தவும் வீட்டு மனை எடுக்கவும் ஜேசிபி சரிவை வெட்டும்போது, மேலே நிற்கும் மரத்துக்கு ஒரு பக்க வேர் போய்விடுகிறது. மூன்று நாள் மழையில் மண் சேறாகிறது. அதன் பிறகு பெருங்காற்றே தேவையில்லை, சாதாரணக் காற்று போதும். மரம் முறிவதில்லை, வேரோடு மண்ணையும் பெயர்த்துக்கொண்டு சாய்கிறது. அடிமரத்தருகே மண் வெடித்திருப்பதும், நேற்றைவிட இன்று சாய்வு கூடியிருப்பதும்தான் அது முன்கூட்டித் தரும் தகவல். ரெட் அலர்ட்டை விட நம்பகமான தகவலும் கூட.

ரெட் அலர்ட்டைக் குறை சொல்லவில்லை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வானிலை மையம் முன்னதாகச் சொல்கிறது; போனில் குறுஞ்செய்தி வருகிறது; பேரிடர் மீட்புப் படை ஊட்டிக்கு வந்துவிடுகிறது; தொட்டபெட்டா சிகரத்தைச் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடிவிடுகிறார்கள். ஒரு காலத்தில் கோடரியும் ரம்பமுமாக நாள் கணக்கில் நடந்த வேலையைத் தீயணைப்புப் படையின் பவர் சா மிகச் சீக்கிரம் முடித்துவிடுகிறது. ஆனால் நீலகிரி ஒரே மாவட்டம், மலை மட்டும் இரண்டு. 2019 ஆகஸ்டில் மேற்குப் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது தென்மேற்குப் பருவத்தில். அந்தப் பருவத்தின் மழையைத் தொட்டபெட்டாவும் அதைச் சேர்ந்த முகடுகளும் மறித்துக்கொள்வதால், கிழக்குச் சரிவில் இருக்கும் அரவேணுவுக்குப் பெரும்பாலும் வெறுங்காற்றும் சாரலும்தான் வந்து சேரும். இங்கே மண் ஊறுவது ஐப்பசி, கார்த்திகையில். 2009 நவம்பரில் இந்தக் கிழக்குப் பக்கம்தான் சரிந்தது. மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆடியில் வரும் எச்சரிக்கையை 'நமக்கில்லை' என்று தள்ளிப் பழகியவர்கள் ஐப்பசியிலும் தள்ளிவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

கூரையும் மாறிவிட்டது. புல்லும் ஓடும் போய்த் தகர ஷீட் வந்தது. தகரத்தைக் காற்று மேலிருந்து அமுக்குவதில்லை, உறிஞ்சித் தூக்குகிறது. ஓரத்தில்தான் முதலில் கிளப்பும். மேலே கல்லையும் டயரையும் ஏற்றி வைக்கும் வழக்கம் ஆபத்தானது, ஷீட் கிளம்பினால் கல்லும் சேர்ந்து கிளம்பும். ஓரங்களில் கொக்கி போல்ட்டை நெருக்கமாகப் போட்டு, துருப்பிடித்த வாஷரை மழைக்கு முன் மாற்றினால் பாதிக் கவலை தீரும். மீதிக் கவலை அறுந்த கம்பி. காலையில் தோட்டத்துக்குப் போகும்போது தேயிலைச் செடி மேல் கம்பி கிடந்தால், கரண்ட் இல்லையென்று நினைத்து விலக்கிவிடக் கூடாது; தள்ளி நின்று, மற்றவர்களையும் தள்ளி நிறுத்தி, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்ல வேண்டும்.

இனி மரத்தை வெட்டுவது. சொந்த நிலத்தில் நின்றாலும் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்கியாக வேண்டும். நல்ல சட்டம். அது இல்லையென்றால் இந்நேரம் மலை மொட்டையாகி, மண்ணும் சேர்ந்து இறங்கியிருக்கும். அபாய மரம் என்று மனுக் கொடுத்தால் அதிகாரிகள் வந்து பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். சிக்கல் காலண்டரில் இருக்கிறது: மனுக்கள் குவிவது ஒரு மரம் விழுந்து ஆட்டோ நசுங்கிய வாரத்தில். அப்போது மண்ணும் ஈரம், ஆட்களும் வேறு ரோட்டில். மாசி, பங்குனியில் மண் இறுகிக் கிடக்கும்போதே சாய்ந்த மரத்தைப் போட்டோ எடுத்து மனுவோடு வைத்தால், சித்திரைக்குள் வந்து பார்க்கக் கேட்கலாம். வெட்டிய இடத்தைச் சும்மா விட்டால் வெறும் சரிவு அடுத்த மழையில் இறங்கும். வேர் மண்ணைப் பிடித்திருக்கட்டும் என்று அடிக்கட்டையைப் பிடுங்காமல் விட்டு, பக்கத்தில் சோலை நாற்றுகளை நடலாம். அவை கூரை உயரத்துக்கு வரவே பல வருஷம் ஆகும்.