கருவியும் கையும்



போர்க்கருவி என்றதும் அதன் வேகமும் அழிக்கும் ஆற்றலுமே நம் நினைவுக்கு வருகின்றன. அதனை இயக்கப்போகும் மனிதனின் கையும் கண்ணும் எத்தகையன என்ற வினாவோ, கருவி செய்து முடிந்த பின்னரே பெரும்பாலும் எழுகின்றது. இத்தாமதத்தின் விலையை, இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது அமெரிக்க விமானப்படை நன்கு உணர்ந்தது.

பி-17 என்னும் குண்டுவீச்சு விமானங்கள் சில, பழுதேதுமின்றித் தரையைத் தொட்ட பின்னர், ஓடுபாதையிலேயே சில்லுகள் உள்மடிந்து, வயிறு நிலத்தில் உராய விழுந்தன. குற்றம் விமானியின் தலையில் சுமத்தப்பட்டது. ஆனால் அப்படையின் மருத்துவ ஆய்வுகூடத்தில் பணியாற்றிய உளவியலாளர் அல்போன்ஸ் சப்பானிஸ், விமானியின் இருக்கைக்கு முன்னிருந்த விசைகளை நோக்கினார். சில்லுகளை ஏற்றி இறக்க ஒரு விசை. இறங்கும்பொழுது இறக்கையின் பின்விளிம்பில் விரிக்கப்படும் மடல்களுக்கு மற்றொரு விசை. இரண்டும் ஒரே வடிவின, அருகருகே இருந்தன! தரை தொட்டபின் மடல்களை மடக்கச் சென்ற கை, பக்கத்து விசையைத் தட்டிவிட்டது. சி-47 விமானத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு அமைப்பின. அங்கே இத்தொல்லை இல்லை. அதனை ஓட்டியவர்களும் களைப்பும் மறதியும் உள்ள மானிடரே அல்லரோ?

சப்பானிஸ் கண்ட பரிகாரம் மிக எளியது. ஒரு விசையின் நுனியில் இறப்பராலான சிறு சில்லு. மற்றதன் நுனியில் ஆப்பு வடிவத் துண்டு. கண் பாராமலே விரல் வேறுபாட்டை அறிந்துகொண்டது. இன்றைய பயணிகள் விமானங்களிலும் சில்லுகளை இயக்கும் பிடி, சில்லு வடிவிலேயே அமைகின்றது.

பின்னர், 1947இல், போல் பிற்ஸ், றிச்சாட் ஜோன்ஸ் ஆகிய இருவர், விமானிகள் எடுத்துரைத்த 460 தவறுகளை ஆராய்ந்தனர். அவற்றுள் ஏறத்தாழப் பாதி, ஒரு விசையை வேறொன்றென மயங்கி இயக்கியமையால் விளைந்தவை.

பயிற்சியைக் கூட்டினால் போதாதா எனச் சிலர் வினவக்கூடும். ஆசிரியத் தொழிலிலே தலை நரைத்தவன் நான். பயிற்சியைத் தாழ்த்திப் பேச என் நா எழாது. எனினும், நன்கு பயின்ற கைதான் பாராமலே விசையை நாடும் என்பதை மறத்தல் ஆகாது.

கண்ணின் செய்தியும் இதுவே. கடலில் நீர்மூழ்கிகளைத் தேடும் விமானங்களில் றேடார்த் திரையை நோக்கியிருப்போர் எவ்வளவு நேரம் விழிப்பாயிருப்பர் என்பதைப் பிரித்தானிய விமானப்படை அறிய விரும்பியது. கேம்பிறிஜில் நோர்மன் மக்வேத் இதனைச் சோதித்து, 1948இல் முடிவை வெளியிட்டார். முட்கள் ஒன்றே உடைய கடிகாரம் போன்ற ஒரு கருவி. அம்முள் எப்போதாவது இருமடங்கு தாவும். அதனைக் கண்டு சொல்லவேண்டும். அரைமணி நேரத்துக்குள்ளேயே தவறவிடுதல் பெருகிற்று. ஊக்கமுள்ளோரும் இதற்கு விலக்கல்லர். அரைமணிக்கொருமுறை ஆளை மாற்றவேண்டுமெனின், விமானத்தில் எத்தனை பேருக்கு இடம் வேண்டும், எத்தனை பேரைப் பயிற்றவேண்டும் என்னும் கணக்கு, வரைபடம் தீட்டும் நாளிலேயே தொடங்கவேண்டியதாகின்றது.