ஸ்கூட்டி வாங்கினால் மட்டும் போதுமா?

பாடசாலை தொடங்கும் நேரத்தில் மாத்தளை நகரின் பிரதான வீதியில் ஒரு பக்கமாக நின்று பாருங்கள். உக்குவளைப் பக்கமிருந்தும் இரத்தோட்டைப் பக்கமிருந்தும் வரும் ஸ்கூட்டிகளை எண்ணி முடியாது. ஆசிரியைகள், தாதியர், வங்கியில் வேலை பார்ப்போர், தைத்த உடுப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஓடருக்குப் போகும் சகோதரிகள், பின்னால் பிள்ளையை ஏற்றி வரும் உம்மாமார் என்று எத்தனை பேர்! அபாயாவும் தலைக்கவசமுமாக அவர்கள் போவதை இன்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மருந்தெடுக்கப் போவதென்றாலும் நானா கடையைப் பூட்டிவிட்டு வரும்வரை வாசலில் காத்திருந்த காலத்தை நம்மில் பலர் இன்னும் மறக்கவில்லை.

பெண்கள் வாகனம் ஓட்டலாமா என்ற பழைய வாதத்தை இங்கே கிளறப் போவதில்லை. சவூதி அரேபியாவே 2018 ஜூன் 24இல் பெண்களுக்கு வீதியைத் திறந்துவிட்டது. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாண அரசு 2016இல் பெண்களுக்கு மோட்டார் சைக்கிள் பழக்கவே ஒரு திட்டம் வைத்தது. தமிழ்நாட்டில் 2018இல் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில், வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி அல்லது 25,000 இந்திய ரூபாய் வரை மானியம் கிடைத்தது. நமக்கு அப்படி யாரும் தரவில்லை. சீட்டுப் பிடித்தும், காப்பை விற்றும், தவணை கட்டியும் நாமேதான் வாங்கினோம்.

என் கவலை வேறு. வண்டியை ஓட்டுவது நாம். ஆனால் அதன் பத்திரம் எங்கே, பிரேக் எப்போது மாற்றியது, ஒயில் எந்த மாதம் ஊற்றியது என்று கேட்டால், "அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்" என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. தட்டையான ஊரில் இப்படியே காலத்தை ஓட்டிவிடலாம். நம் மாவட்டம் தட்டையானதல்ல.

நமக்கென்றே வந்தது போல

ஸ்கூட்டர் பிறந்த கதையைக் கேட்டால், நம்மை மனதில் வைத்தே செய்தார்களோ என்று தோன்றும். இரண்டாம் உலகப் போரில் குண்டு வீச்சுக்கு இலக்கான இத்தாலியின் பியாஜியோ விமானத் தொழிற்சாலை, போர் முடிந்ததும் மலிவான வாகனம் ஒன்றைச் செய்ய நினைத்தது. அந்தப் பொறுப்பு கொராடினோ டஸ்கானியோ என்ற விமானப் பொறியியலாளரிடம் போனது. அவருக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காது. உடுப்பில் ஒயில் படுகிறது, சங்கிலி அழுக்காகிறது என்பார். ஆகவே என்ஜினை மூடி, சங்கிலியை ஒழித்து, காலைத் தூக்கிப் போடாமல் ஏறி உட்காரும்படி நடுவைத் திறந்துவிட்டார். 1946இல் வெளிவந்த அந்த வண்டிதான் வெஸ்பா.

1984இல் இந்தியாவில் வந்த கினெற்றிக் ஹொண்டா கியர் மாற்றும் வேலையையும் இல்லாமலாக்கியது. பிறகு தமிழ்நாட்டு ஒசூரின் டி.வி.எஸ். நிறுவனம் 1994இல் ஸ்கூட்டி என்ற சின்ன வண்டியை இறக்கியது. அது ஒரு கம்பனி வைத்த பெயர். ஹொண்டா டியோ வாங்கியவரும் ஹீரோ பிளெஷர் வாங்கியவரும் இன்று "என்ட ஸ்கூட்டி" என்றுதான் சொல்கிறார்கள்.

வண்டி யார் பெயரில்?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய ஸ்கூட்டிகளின் விலை ஏறத் தொடங்கியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தபோதும், மலிவு என்ற சொல்லுக்குப் பழைய பொருள் திரும்பி வரவில்லை. ஆகவே நம்மில் பலர் வாங்குவது கைமாறிய வண்டியே.

கைமாறிய வண்டியில் பெயின்ட் மினுக்கத்தைப் பார்க்காதீர்கள். பதிவுப் புத்தகத்திலுள்ள என்ஜின் இலக்கமும் செசி இலக்கமும் வண்டியில் வெட்டியிருப்பவையும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். முன்னைய உரிமையாளர் கையெழுத்து வைத்த வெற்றுப் படிவத்தோடு வண்டியைக் கைமாற்றும் பழக்கம் நம் நாட்டில் உண்டு. விலை கொஞ்சம் குறையும் என்று அதற்குச் சம்மதித்தால், நீங்கள் ஓட்டுவது இன்னொருவரின் வண்டி. விற்றவர் வெளிநாடு போய்விட்டால் யாரிடம் கேட்பீர்கள்?

லீஸிங்கில் எடுத்தால், கடன் முடியும்வரை நிதி நிறுவனமே முழு உரிமையாளர் என்று பதியப்படும். சில தவணை தவறினால் வண்டியைத் தூக்கிப் போவார்கள். கட்டிய பணத்துக்கு யாரும் கண்ணீர் வடிக்கமாட்டார்கள். வட்டிக்கு அஞ்சுவோருக்கு, 2011இல் அமானா வங்கி தொடங்கியது முதல் வேறு வழிகளும் உண்டு. எந்த வழியானாலும் ஒப்பந்தத்தை நீங்கள் வாசித்த பிறகே கையெழுத்து வையுங்கள். பணம் உங்களுடையதென்றால் பெயரும் உங்களுடையதாக இருக்கட்டும். இதில் கணவரை நம்பாத பேச்சு எதுவுமில்லை. வீட்டு உறுதியில் பெயர் பார்ப்பவர்கள் வண்டிப் புத்தகத்திலும் பார்த்தால் என்ன?

இறக்கத்தில்தான் வண்டியின் குணம் தெரியும்

கண்டியிலிருந்து வரும்போது அலவத்துகொடை தாண்டியதும் பலகடுவை. அந்தப் பக்கம் இரத்தோட்டையிலிருந்து றிவஸ்டன் ஏறி இலுக்கும்புரைக்கு இறங்கும் பாதை. ஒடுக்கமான வளைவுகள், நினைத்த நேரத்தில் இறங்கும் பனிமூட்டம். எல்கடுவைப் பக்கத் தோட்டப் பாதைகளைச் சொல்லவே வேண்டாம். ஏற்றத்தில் வண்டி இழுக்காவிட்டால் நின்றுவிடும், அவ்வளவுதான். இறக்கத்தில் நிற்காவிட்டால்?

மலிவான ஸ்கூட்டிகளில் பின் சக்கரத்துக்கும், பலவற்றில் முன் சக்கரத்துக்கும் இருப்பது டிரம் பிரேக். உள்ளே இரண்டு பிரேக் ஷூ விரிந்து டிரம்மில் உரசி நிறுத்துகின்றன. இறக்கம் முழுவதும் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தால் அந்த உரசலில் சூடேறி, ஷூவின் பிடிப்புக் குறைந்துவிடும். கேபிள் அறுந்திருக்காது, எதுவும் உடைந்திருக்காது. ஆனாலும் நெரித்தால் வண்டி நிற்காது. ஆறவிட்டால் பிடிப்புத் திரும்பும். அதனால்தான் கராஜில் காட்டும்போது, "பிரேக்கில ஒன்டும் பிழையில்லையே" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

இதற்கு மருந்து ஓட்டும் முறையில் இருக்கிறது. இறக்கம் தொடங்குமுன்பே வேகத்தைக் குறையுங்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு வாருங்கள். நீண்ட இறக்கத்தில் பாதி வழியில் ஓரமாக நிறுத்தி ஐந்து பத்து நிமிடம் ஆறவிடுவதில் வெட்கம் எதுவுமில்லை.

பெற்றோல் மிச்சம் பிடிக்க என்ஜினை அணைத்துவிட்டு இறங்குவோரும் உண்டு. 2022 ஜூன் இறுதியில் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாய் விற்றதும், பிறகு கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று அளந்து தந்ததும் இந்தப் பழக்கத்தைப் பரப்பிவிட்டன. அந்தப் பங்கீடு 2023 செப்டெம்பரில் நின்றுவிட்டது, பழக்கம் நிற்கவில்லை. கியரில்லாத வண்டியில் கிளச்சை நாம் பிடிப்பதில்லை. என்ஜின் சுழலும் வேகத்தில் அது தானாகப் பிடித்து, வேகம் தணிந்தால் தானாக விலகுகிறது. என்ஜினை அணைத்துவிட்டு ஒரு வளைவில் வேகம் குறைந்தால் கிளச் விலகிவிடும். அதன் பிறகு எவ்வளவு வேகம் கூடினாலும் என்ஜின் பிடித்து இழுக்காது. வண்டி தள்ளுவண்டி போல உருளும். இத்தனையும் ஒரு சில ரூபாய்ப் பெற்றோலுக்காக.

பிள்ளைகள் விடயத்தில் கடுமையாகவே சொல்கிறேன். கால் வைக்கும் பலகையில் ஒரு பிள்ளையை நிறுத்தி, பின்னால் இரண்டை ஏற்றி இறக்கத்தில் வரும் தாய்மாரைக் காணாத நாளில்லை. திடீர் பிரேக்கில் முன்னால் நிற்கும் பிள்ளையின் முகம்தான் முதலில் அடிபடும். சட்டப்படி பின்னால் ஏற்றக்கூடியது ஒருவரை மட்டுமே. அவருக்கும் தலைக்கவசம் வேண்டும்.

பழைய பெல்ட்டைக் காட்டச் சொல்லுங்கள்

மோட்டார் சைக்கிளில் சங்கிலி செய்யும் வேலையை ஸ்கூட்டியில் ஒரு ரப்பர் பெல்ட் செய்கிறது. அது இடது பக்க மூடிக்குள் ஒளிந்திருப்பதால் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஏற்றத்தில் என்ஜின் கத்துகிறது, வண்டி நகர மறுக்கிறது என்றால் சந்தேகத்தை அதன் மேல் வையுங்கள். ஏறத்தாழ 20,000 கிலோமீற்றரில் மாற்ற வேண்டிய பொருள் அது; மலைப் பாதையில் இன்னும் முந்தியும் தேயலாம். பாதையில் அறுந்தால் தற்காலிகமாக ஒட்டி ஓட்ட முடியாது, லொறியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும்.

ஒயில் இரண்டு வகை. என்ஜின் ஒயில் முக்கால் லீற்றர் அளவு; இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது வழமை. பின் சக்கரத்துக்கருகில் இருக்கும் கியர் ஒயில் மிகக் கொஞ்சம்தான். எல்லோரும் மறப்பது அதைத்தான். டயர்க் காற்றையும் கைநூலில் உள்ளபடி வாரம் ஒருமுறை பாருங்கள். 10 அங்குலச் சின்னச் சக்கரத்துக்கு ஒவ்வொரு குழியும் பெரிய குழி.

கராஜுக்குப் பெண் தனியாகப் போனால் ஏமாற்றுவார்கள் என்ற பயம் பலருக்கு உண்டு. ஒரு சின்னக் கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். திகதி, மீற்றரில் உள்ள கிலோமீற்றர், மாற்றிய சாமான், கொடுத்த காசு, இந்த நான்கும் போதும். "தாத்தா, பெல்ட் போய்ட்டு, மாத்தணும்" என்று மெக்கானிக் சொன்னால், "சரி நானா, கழற்றின பழசை எனக்குத் தாங்க, பார்க்கிறேன்" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் சந்தோஷமாகக் காட்டுவார். முகம் சுளித்தால் அடுத்த முறை வேறு கராஜ். மாத்தளையில் கராஜுக்கா பஞ்சம்?

அபாயாவும் சைலன்சரும்

பெரும்பாலான ஸ்கூட்டிகளில் சைலன்சர் வலது பக்கம். சூடான சைலன்சரில் பட்டால் செயற்கை இழை அபாயா உருகி ஒட்டிக்கொள்ளும், காலும் சுடும். அதன் மேலுள்ள தகட்டு மூடி கழன்றிருந்தால் முதலில் அதைப் போடுங்கள். பின்னால் ஒருபக்கமாக உட்காருபவரின் உடுப்பு இடது பக்கம் தொங்கும். அங்கே புடவை சக்கரத்தில் போகாமல் தடுக்கும் கம்பி வேண்டும். இசடோரா டங்கன் என்ற புகழ்பெற்ற நடனக்காரி 1927இல் பிரான்சின் நீஸ் நகரில் இறந்தது, கழுத்திலிருந்த நீண்ட சால்வை கார்ச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டதால்தான். சால்வையின் இரு முனைகளையும் உள்ளே செருகுங்கள். அபாயாவின் கீழ்ப்பகுதியை ஒரு இலாஸ்டிக் பட்டியால் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே காற்சட்டை இருந்தால் மனமும் நிம்மதி. தலைக்கவசத்துக்குள் ஊசி குத்தாதீர்கள். விழுந்தால் அந்த ஊசிதான் முதலில் தலையில் ஏறும்.

அலங்காரமா, அவசியமா?

தம்பிமாரின் கைக்கு வண்டி போனால் சைலன்சரை வெட்டுவார்கள், நீல லைட் போடுவார்கள். சைலன்சரை வெட்டினால் சத்தத்துக்கு அபராதம், புகைப் பரிசோதனையிலும் தலையிடி. லைட்டுக்கும் ஹோனுக்கும் வயரை அறுத்து ஒட்டினால் சின்னப் பற்றரி தாங்காது. ஒருநாள் ஷோர்ட் ஆகி வயர் எரியும். பனிமூட்டத்தில் கூசும் வெள்ளை லைட் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். றிவஸ்டன் பக்கம் போகிறவர்களுக்குத் தாழ்த்திய லைட்தான் உதவும்.

கால் எட்டாவிட்டால் சீற் ஸ்பொஞ்சைக் கொஞ்சம் குறைக்கலாம். பெரிய செலவில்லை, நிற்கும்போது இரண்டு பாதமும் தரையில் படும். இது நான் முழு மனதோடு சொல்லும் மாற்றம். பின்னால் இருப்பவருக்கு அகலமான கால் தட்டும் முதுகுச் சாய்வும் நல்லவை. கால் ஊனமுற்றோருக்காகப் பின்னால் இரு துணைச் சக்கரம் பூட்டிய ஸ்கூட்டர்களும் நம் நாட்டில் ஓடுகின்றன. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் யோசிக்க வேண்டிய விடயம். ஆனால் வெல்டிங் கடைக்குப் போகுமுன் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துவிடுங்கள். வண்டியின் நிறத்தை மாற்றினாலும் அங்கே பதிய வேண்டும்.

இன்னுமொன்று. உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தை இப்போதே எடுத்துப் பாருங்கள். ஏ1 வகுப்பு 100 சீசீ வரையான வண்டிக்கு. அதற்கு மேல் ஏ வகுப்பு வேண்டும். ஸ்கூட்டி பெப் 88 சீசீக்குக் கிட்ட, இன்றைய டியோ 109. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான். ஆனால் ஏ1 மட்டும் உள்ளவர் டியோவில் விபத்துக்குள்ளானால், காப்புறுதிக்காரர் கேட்கும் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார். கையிலிருப்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதியென்றால், அது எதிரே வந்தவரின் நட்டத்துக்கு மட்டும். உங்கள் வண்டியைத் திருத்தும் காசு உங்கள் பையிலிருந்துதான்.